சுவருக்கு அப்பால் பார்த்த சிப்பாய்கள்

பழைய கணினிப் போர் விளையாட்டு ஒன்றுக்கு நானாக ஒரு கோட்டையும், அதைக் காக்கும் எதிரிச் சிப்பாய்களையும் செய்து சேர்த்திருந்தேன். இப்படிச் சேர்ப்பதை மோட் என்பார்கள். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. இணையத்தில் போட்டதை இறக்கிக்கொண்டவர்களோ கோட்டை வாசலில் ஒருமுறை செத்ததும் ஓடிவிட்டார்கள். "ரொம்ப கஷ்டம் பாஸ்" என்று எழுதியவர்களையெல்லாம் கையாலாகாதவர்கள் என்று மனதுக்குள் திட்டினேன். என் சிப்பாய்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் என்ற பெருமை வேறு. ஆனால் யாரும் விளையாடாத கோட்டையை எத்தனை நாள் கட்டிக்கொண்டிருப்பது? அந்த மாதத்தோடு அழித்துவிடலாம் என்று இருந்தேன்.

அப்போதுதான் ரவாங் என்ற ஊரிலிருந்து ஓர் அக்கா எழுதினார். லோரி கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. "உங்க ஆளுங்க சண்டை போடல தம்பி, ஏமாத்துறாங்க." எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேரில் வந்து காட்டுங்கள் என்று சவால் விட்டேன். கிள்ளானிலிருந்து நானும் ரவாங்கிலிருந்து அவரும் ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம்.

நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைத் தள்ளி வைத்துவிட்டு என் மடிக்கணினியில் விளையாடினார். சத்தமில்லாமல் போய் ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கினார். மறுபக்கம் நின்ற ஐந்து சிப்பாய்களும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"பாருங்க. நான் இங்க இருக்கேன்னு இவனுங்களுக்கு யாரு சொன்னது?"

நான்தான் சொன்னேன். சோதித்துப் பார்க்கும் நாட்களில், சிப்பாய்கள் என்னைத் தேடி அலையும் நேரம் மிச்சமாகட்டும் என்று, விளையாடுபவர் எங்கே ஒளிந்தாலும் அவர்களுக்குத் தெரியும்படி நிரலில் ஒரு வரி எழுதியிருந்தேன். எடுக்க மறந்துவிட்டேன். அதைத்தான் இத்தனை நாளும் கெட்டிக்காரத்தனம் என்று கொண்டாடியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அங்கேயே அந்த வரியை நீக்கினேன். அக்கா மறுபடி பதுங்கினார். இம்முறை சிப்பாய்கள் தேடினார்கள். ஒருவன் சுவரோரம் வந்து, நின்று, திரும்பிப் போனான். அவர் மூச்சு விடவில்லை, நானும்தான். பிறகு வாசலை நோக்கி ஓடினார். காலடிச் சத்தம் கேட்டு வந்த இன்னொருவன் சுட்டுவிட்டான்.

போச்சு என்று நினைத்தேன். இவரும் எழுந்து போனால் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டியதுதான். கணினியை மூடக் கை நீட்டினேன்.

அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"இருங்க லா தம்பி. இன்னொரு தடவை."