பானெட்டுக்கு அடியில் இருந்த மெத்தை

சென்ற வாரம் பாபநாசத்தில் ஜமாலின் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என் கார் எதிரே வாயைத் திறந்துகொண்டு நின்றது. பானெட்டின் உட்புறத்தில் கறுப்பாக, கம்பளி போல ஒரு மெத்தை ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். இன்ஜின் சத்தத்தை அடக்குவதற்கு வைப்பது. என் வண்டியில் அது கிழிந்து கந்தலாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. காது பாதி போய்விட்டது, நமக்கெதற்கு என்று விட்டுவைத்திருந்தேன். மகள்தான் ஊருக்கு வந்தபோது, "டிராக்டர்ல ஏத்திட்டுப் போற மாதிரி இருக்குப்பா" என்று திட்டினாள். எண்பதை நெருங்குகிறவன் கார் ஓட்டுவதே அவளுக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல முடியாமல் மெத்தையைக் குறை சொன்னாள் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஜமால் வளைகுடாவில் பதினைந்து வருஷம் வண்டி பழுது பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஒவ்வொரு கிளிப்பாக நெம்பி மெத்தையை உரித்தார். கூடவே ஒரு கை நெல் உமியும் வைக்கோலும் பஞ்சும் பொலபொலவென்று கொட்டின. எலிக்கூடு.

"மூணு போகம் குடியிருந்திருக்கு சார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா குத்தகைப் பாத்தியதை கேட்டிருக்கும்."

சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குள் சூடு பட்டுப் பட்டுக் கருகிய கம்பளியின் வாடை எழுந்தது. அதில் எண்ணெயும் உமியும் கலந்திருந்தன. ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது அந்த வாடையை முகர்ந்து. அன்று உமி இல்லை, தேங்காய் நார் இருந்தது; மற்றபடி அதே வாடைதான்.

ஆட்சி மாறிய புதிது அது. சுவரெல்லாம் கொடிகள், ஒரே சுவரில் கறுப்பு சிவப்பும் தனிச் சிவப்பும் இடம் பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். நில ஆவணங்களில் நிலத்துக்காரர் பெயர் மட்டும்தான் இருந்தது. உழுகிறவன் பெயரையும் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலத்துக்காரர் நினைத்தபோது குத்தகைக்காரனை வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் அவன் அந்த வயலில் கால் வைத்ததற்கே சாட்சி கிடையாது. குத்தகைச் சீட்டு எழுதிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் பக்கம் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. ஆகவே அலுவலர் நேரில் போவார். வயலில் நின்று தன் பெயரைச் சொல்கிறவனை, பக்கத்து வயல்காரர்களையும் விசாரித்து எழுதிக்கொள்வார்.

அப்படி எழுதப் போன இளம் அலுவலர்களில் நானும் ஒருவன். பொருளாதாரம் படித்தவன். கல்லூரியில் நிலச் சீர்திருத்தம் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன்.

சைக்கிளில்தான் போய்வருவேன். ஐப்பசிச் சேற்றில் சைக்கிள் என்னை ஏற்றிக்கொண்டு போன தூரத்தைவிட நான் அதைத் தூக்கிக்கொண்டு நடந்த தூரம் அதிகம். இஸ்திரி போட்ட சட்டை முதல் வாய்க்காலிலேயே போய்விடும். குடவாசலுக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்கு நான் போகவேண்டிய நாளில், அவ்வூர் மிராசுதாரின் கறுப்புக் கார் என்னை அழைத்துப் போகக் காலையிலேயே என் அறை வாசலில் வந்து நின்றது. வந்து நிற்பதற்கு முன்னால் அதன் சத்தம் வந்தது. தெருவே எட்டிப் பார்த்தது.

அந்தக் காரில் நான் முன்பே ஒருமுறை போயிருக்கிறேன். பூனை நடப்பது போலப் போகும். மிராசுதாரின் மனைவிக்கு இன்ஜின் சத்தம் தலைவலி. அதனால் கும்பகோணத்தில் கார் சீட்டு தைக்கிறவரிடம் சொல்லி, தேங்காய் நாரையும் கம்பளியையும் சேர்த்துத் தைத்து பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்தார்கள். அன்று போகும் வழியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக டிரைவர் தங்கராசு பானெட்டைத் தூக்கினார். மெத்தை இல்லை. கோந்துத் தடமும் நாலைந்து நாரும்தான். கருகிய வாடை மட்டும் மிச்சம்.

"மெத்தை எங்கே?" என்றேன்.

"நேத்துப் பிச்சுப் போட்டேங்க. சைலன்சரையும் தளத்தி வுட்டிருக்கு. ஐயா உத்தரவு."

"எதுக்கு?"

"சத்தம் முன்னால போவட்டும்னாங்க."

அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. விசாரணை நாளில் யார் வயலில் நின்றாலும் மறுநாள் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான் என்று மிராசுதார் சொல்லியிருந்தது எங்கள் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. குடிசைகள் நின்றது அவர் மண்ணில். ஆகவே அந்தக் கார் வருகிறது என்று தெரிந்தால் வயலில் ஆள் நிற்க மாட்டான். காரில் வருவது நான் என்று அவனுக்குத் தெரியாது. அலுவலர் சைக்கிளில் வருவார் என்றுதான் விவசாயிகள் சங்கத்து ஆட்கள் அவனிடம் சொல்லி வைத்திருப்பார்கள்.

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. இறங்கி நடந்திருக்கலாம், இரண்டு மைல்தான். நான் என் சட்டையைப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

வயலில் யாரும் இல்லை. நடவு முடிந்து இருபது நாள் ஆன பயிர். வரப்பில் அப்போதுதான் வெட்டி வைத்த மண் ஈரமாக இருந்தது. பதிந்த காலடிகளில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பூவரசங்கிளையில் ஒரு தூக்குச்சட்டி தொங்கியது. எங்களுக்காகக் காத்திருந்த மிராசுதாரின் காரியஸ்தரிடம் அதைக் காட்டி, யாருடையது என்று கேட்டேன்.

"பண்ணை ஆளுங்களோடதா இருக்கும்ங்க. இங்க எல்லாம் ஐயாவோட சொந்த சாகுபடிதானுங்களே."

பக்கத்து வயல்களிலும் ஆள் இல்லை. கேட்க ஒருவர் கூட இல்லாததை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டேன். 'நேரில் பார்வையிடப்பட்டது. உடைமையாளரின் சொந்தச் சாகுபடி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் கையெழுத்து அப்போது அழகாக இருக்கும்.

காரியஸ்தர் அங்கேயே தங்கிவிட்டார். கார் கிளம்பியதும் தங்கராசு கண்ணாடியைப் பார்த்தார்.

"யாரோ ஓடியாராங்க சார். நிறுத்தவா?"

திரும்பிப் பார்த்தேன். வாய்க்கால் கரைத் தாழம்புதரிலிருந்து வெளியே வந்த ஒருவர், கையில் மண்வெட்டியோடு, மண்பாதையில் ஓடி வந்துகொண்டிருந்தார். நான் இறங்கி எழுதியதைப் புதருக்குள்ளிருந்து பார்த்திருக்க வேண்டும். வாய் திறந்து திறந்து மூடியது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. ஆனால் அந்த நாளில், அந்த இடத்தில், என்னைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவன் தன் பெயரைத் தவிர வேறெதைச் சொல்லியிருப்பான்?

"என்னப்பா சொன்னே? சத்தத்துல ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

தங்கராசு மறுபடி கேட்கவில்லை. என் அறை வாசலில் கதவைத் திறந்துவிடும்போது மட்டும், இன்ஜினை அணைத்துவிட்டு, சொன்னார்: "அவன் கூப்புட்டது எனக்குக் கேட்டுச்சுங்க சார். காத்தமுத்துன்னான்."

அதற்குப் பிறகாவது எழுதியிருக்கலாம். தாளும் பேனாவும் என்னிடம்தான் இருந்தன. குறுவைக்கு மிராசுதாரின் டிராக்டர் அந்த வயலில் இறங்கியது. காத்தமுத்து கைரேகை வைத்து மேல்முறையீடு செய்தார். விளக்கம் கேட்டு மனு என்னிடமே வந்தது. 'பார்வையிட்ட நேரத்தில் வயலில் எவரும் இல்லை' என்று பதில் எழுதினேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. மனு தள்ளுபடியானது. அந்தக் குடும்பம் திருச்சிப் பக்கம் கல் உடைக்கப் போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். நான் தேடிப் போகவில்லை. பதவி உயர்வுகள் வந்தன. கை நீட்டிக் காசு வாங்காதவன் என்று ஓய்வுபெற்ற நாளில் புகழ்ந்தார்கள், அது உண்மைதான். இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: அந்தக் காரில் அப்படிச் சத்தம், யாருக்குத்தான் கேட்டிருக்கும்.

ஜமால் பழைய கோந்தைத் தின்னர் ஊற்றித் துடைத்துவிட்டு, வெள்ளிக் காகிதம் ஒட்டிய புது மெத்தையை அளந்து வெட்டினார்.

"சத்தம் இதால ரொம்ப ஒண்ணும் கொறையாது சார். சூட்டுல பெயிண்டு போவாம இருக்கத்தான் பாதி இது. சத்தத்துக்கு நான் வேற நாலு எடத்துல முடுக்கியிருக்கேன். ஓட்டிப் பாருங்க."

ஓட்டிப் பார்க்கிறேன் என்று குடவாசலைத் தாண்டி அந்த ஊருக்கே போய்விட்டேன். மண்பாதை இப்போது தார்ச்சாலை. பூவரசு இல்லை, தாழையும் இல்லை. வாய்க்காலுக்குச் சிமெண்டுக் கரை. மிராசுதாரின் வீடு கல்யாண மண்டபமாகியிருக்கிறது. தங்கராசு இறந்து பல வருஷம் ஆகிறது. வயலில் அறுவடை இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. வரப்பில் நின்ற பையன்கள் என் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார் வருவதைக் கேட்டு வயலைவிட்டு ஓடுகிறவர்கள் இப்போது அங்கே யாருமில்லை. அது நல்லதுதான்.

அந்த வயல் இருந்த இடம் என்று நினைத்த இடத்தில் வேகத்தைக் குறைத்தேன். கண்ணாடியை இறக்கினேன். ஜமால் சொன்னதைவிட நன்றாகவே செய்திருந்தார். பின்னால் யாராவது கூப்பிட்டிருந்தால் என் காதுக்கே கேட்டிருக்கும். மேலே உள்ள கண்ணாடியில் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது.