இடிஞ்ச சுவருல அம்மன் வச்ச கதவு

மாரியம்மாவ நம்பி இங்க கூடியிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மைக்குல பேசிப் பழக்கமில்ல. நான் ரப்பர் மரத்துல பால் வெட்டுறவ. கோயில் தலைவரு, "ராணி, ஒனக்கு நடந்தத நீயே சொல்லு"ன்னாரு. அதனால நிக்கிறேன்.

என் வீட்டுக்காரரு முருகையாவ நெறய பேருக்குத் தெரியும். தோட்டத்துல பழைய ரப்பர் மரங்களப் பிடுங்குனப்போ ஒரு மரம் சரிஞ்சு இவரு இடுப்பு மேல விழுந்துச்சு. பெரிய வெள்ளம் வந்த வருசம் அது. ரத்தினபுரி ஆஸ்பத்திரி, கொழும்பு ஆஸ்பத்திரின்னு அலைஞ்சோம். இடுப்புக்குக் கீழ உணர்வு வராதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அன்னையிலருந்து கட்டில்தான்.

காலையில எந்திரிச்சு அவரத் தொடைச்சு, துணி மாத்தி, கஞ்சி ஊட்டி, வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்கு ஓடணும். வெட்டி முடிச்சு, பால் எடுத்து, நிறுத்துக் குடுத்துட்டு வந்து திரும்பவும் தொடைக்கணும். ஒரே மக தேவி பள்ளிக்கூடம் போவா. ஆரம்பத்துல வெள்ளிக்கெழம தவறாம இங்க வந்து, "அவர நடக்க வை தாயே"ன்னு கேப்பேன். போகப் போக அந்த வார்த்தையே வாயில வரல. விளக்கு ஏத்துவேன், ஒக்காருவேன், எந்திரிச்சுப் போவேன். அவ்வளவு அலுப்பு.

அப்பத்தான் கீழ் டிவிசன்ல ஒரு லயம், வரிசையா ஒட்டியிருந்த வீடெல்லாம், எரிஞ்சுச்சு. படுத்த படுக்கையா இருந்த ஒருத்தரால வெளிய வர முடியல. நானும் சாவு வீட்டுக்குப் போனேன். பொட்டிய மூடியே வச்சிருந்தாங்க. அதப் பாத்ததிலருந்து எனக்குச் சோறு எறங்கல.

நம்ம லயத்துக் காம்பரா எப்படின்னு நான் சொல்ல வேண்டியதில்ல. முன்னால திண்ணை மாதிரி இஸ்தோப்பு, அதுலதான் அடுப்பு. அதத் தாண்டி உள்ள ஒரே ஒரு காம்பரா. போக வர ஒரே கதவு. அடுப்புப் பக்கம் தீப்புடிச்சா உள்ள இருக்கிற ஆளு எங்க போவாரு? நல்லா நடக்கிற ஆளுக்கே வழியில்ல. மரத்துல கத்தி வைக்கிறப்பல்லாம் தூரத்துல பொகை தெரிஞ்சா வெட்டுறத நிறுத்திருவேன். நம்ம லயமா, நம்ம லயமான்னு எட்டிப் பாப்பேன்.

பின் சுவருல ஒரு கதவு வைக்கணும்னு தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். பெரிய தொரை, "ஒங்களுக்கு ஒடைச்சா லயம் முழுக்க ஒடைக்கச் சொல்வாங்க, முடியாது"ன்னாரு. தொழிற்சங்கத்துல சொன்னேன். பாக்கலாம்னாங்க. திரும்ப ஆபீசுக்குப் போனேன். வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிட்டாங்க.

அன்னைக்கு வீட்டுக்குப் போக மனசில்லாம நேரா இங்க வந்தேன். பூசாரியும் இல்ல. அம்மா முன்னால ஒக்காந்து சொன்னேன். "இனிமே அவர நடக்க வைன்னு ஒன்னைய தொந்தரவு பண்ண மாட்டேன். தீ வந்தா அவர வெளிய கொண்டு போக ஒரு வழி மட்டும் குடு. அதுவும் முடியாதுன்னா, அந்த நேரம் என்னையும் அவருகூட உள்ள இருக்க வை." அழுகைகூட வரல.

அந்த வாரம் மழை புடிச்சுது. விடாத மழை. கூரைத் தகரத்துல ஓட்டை. தண்ணி அவரு கால்மாட்டுல சொட்டுனதால, நானும் தேவியும் கட்டில முன்பக்கமா இழுத்துப் போட்டோம். மறுநாள் விடிஞ்சு நான் அடுப்பு மூட்டிக்கிட்டு இருக்கேன், உள்ள பெரிய சத்தம். ஓடிப் பாத்தா, கல்லும் மண்ணும் வச்சுக் கட்டுன பின் சுவரு சரிஞ்சு கெடக்கு. கட்டில் முந்தின நாள் கெடந்த எடத்துல கல்லுக் குவியல். இவரு மேல தூசி மட்டும்.

அப்பக்கூட எனக்குப் புரியல. வழி கேட்டவளுக்கு வீட்டையும் இடிச்சிட்டியேன்னுதான் அம்மாவ நெனச்சேன். சாக்குத் தொங்க விட்டு, குளிர்ல இருந்தோம்.

மழை விட்டதும் சுவரக் கட்ட தோட்டத்துலருந்து சிறிசேன பாஸ அனுப்புனாங்க. சிங்கள மேசன், மேசன பாஸுன்னுதான் கூப்புடுவோம், எஹலியகொட பக்கத்து ஆளு. அவரு கல்லடுக்க ஆரம்பிச்சாரு. நான் பக்கத்துல போய் நின்னு, "பாஸ், இதுல ஒரு கதவு வைக்க எடம் விடுவீங்களா?"ன்னு சிங்களத்துல கேட்டேன். மூடத்தான் சொல்லியிருக்காங்கன்னாரு. பெறகு உள்ள கட்டில்ல கெடந்தவர எட்டிப் பாத்தாரு. கரண்டியக் கீழ வச்சாரு.

"தொரை மத்தியானம் வேலையப் பாக்க வருவாரு. அது வரைக்கும் நான் இந்தப் பக்கம் கட்டல"ன்னாரு.

தொரை வந்தாரு. பாஸ்தான் பேசுனாரு. சுவரு தானா விழுந்துருக்கு, யாரும் ஒடைக்கல, கதவு வச்சா கல்லும் மிச்சம்னு சொன்னாரு. தொரை உள்ள வந்து இவர ஒரு தடவ பாத்தாரு. "ஹொந்தய், தொரக் தாண்ட"ன்னாரு. சரி, கதவொண்ணு போடுன்னு அர்த்தம். அவ்வளவுதான். எத்தன மாசமா நான் கேட்டது அது.

அன்னைக்கு எனக்கு அழுகை வந்துச்சு.

கதவு கெடச்சதும் தேவி சும்மா இருக்கல. பள்ளிக்கூடத்துல முதலுதவி படிச்சவ. ரெண்டு உரப் பையத் தைச்சு, ரெண்டு பக்கமும் மூங்கில் சொருகி, அவரத் தூக்க ஒண்ணு செஞ்சா. பக்கத்துக் காம்பரா பாக்கியம் அக்காவையும் கூப்புட்டுத் தூக்கிப் பாக்கச் சொன்னா. இவருக்குக் கோவம். "என்னைய உசுரோட பாடையில வைக்கப் பாக்குறீங்களா?"ன்னாரு.

"அப்பா, சும்மா படுங்க. பின்னாடி பலாமரம் வரைக்கும்தான்"னா தேவி.

முதல் தடவ கதவு நெலையில மூங்கில் இடிச்சிக்கிச்சு. மூங்கில வெட்டிக் குறைச்சோம். பெறகு ஞாயித்துக்கெழமையில அவரு வெளிய வெயில் காயப் போறதே அப்படித்தான். வருசக்கணக்குல வானத்தப் பாக்காத மனுசன். போகப் போக அவரே, "இன்னும் தூக்கலையா?"ன்னு கேப்பாரு. அடுப்பு எரிக்க நம்ம எல்லாரும் மரத்துல ஒட்டிக் காய்ஞ்ச ஒட்டுப்பால் வச்சிருப்போமே, அத இஸ்தோப்புலருந்து வெளிய எடுத்தேன். மண்ணெண்ணெய் போத்தலயும் எடுத்தேன். ஐடென்டிட்டி கார்டும் பொறப்புப் பத்திரமும் ஒரு பையில போட்டுப் பின் கதவுல மாட்டுனேன்.

சுனாமி வந்ததுக்கு அடுத்த வருசம், ஆடிக் காத்து அடிக்கிற நேரம், தேவிக்குப் பள்ளிக்கூட லீவு. நான் பால் நிறுத்துட்டு வாளியோட வந்துக்கிட்டு இருந்தேன். நம்ம லயத்துக்கு மேல கருப்புப் பொகை. ரப்பர் எரியிற பொகை. வாளியப் போட்டுட்டு ஓடுனேன். பாக்கியம் அக்கா அடுப்புலருந்து தீ தாவி, அவங்க காய வச்சிருந்த ஒட்டுப்பால்ல புடிச்சு, எங்க இஸ்தோப்பும் எரியுது. வாசப்பக்கம் போக முடியல. "தேவி, தேவி"ன்னு கத்துறேன், பதிலில்ல. ஆளுங்க என்னையப் புடிச்சு இழுக்குறாங்க. உதறிட்டுப் பின்னால ஓடுனேன்.

பலாமரத்தடியில உரப் பை மேல அவரு படுத்திருக்காரு. ஒரு பக்கம் தேவி, ஒரு பக்கம் பாக்கியம் அக்கா, ரெண்டு பேரும் இருமிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. அக்காவோட கை வெந்திருந்துச்சு. தன் வீட்டுச் சாமான் ஒண்ணையும் எடுக்காம, முதல்ல இவரத் தூக்க வந்திருக்காங்க.

இவரு என்னையப் பாத்து, "ஏன்டி இப்படி ஓடி வர்ற, மூச்சு வாங்குது பாரு, ஒக்காரு"ன்னாரு.

நான் மண்ணுல ஒக்காந்துட்டேன். அவரு கையப் புடிச்சிக்கிட்டே இருந்தேன்.

ரெண்டு வீடும் போச்சு. உடுத்துன துணியும் பின் கதவுல மாட்டுன பையும்தான் மிச்சம். வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விடுற புள்ளக் காம்பராவுல தங்கி, அப்புறம் கஷ்டப்பட்டு திரும்ப ஒரு வீடு சேத்தோம். இன்னைக்கும் அவரு நடக்கல. இன்னைக்கும் நான் அலுத்துப் போய்த்தான் வர்றேன். அத மறைச்சு என்ன ஆகப்போகுது. ஆனா முன்ன மாதிரி தனியா இல்லன்னு தெரியுது. நான் கேட்ட வழிய அம்மா மழையில குடுத்தா, ஒரு சிங்கள மேசன் கையில குடுத்தா, பாக்கியம் அக்கா தோள்ல குடுத்தா. தீக்குப் பெறகு தொரையே வந்து, எங்க லயத்துல எல்லாக் காம்பராவுக்கும் பின் கதவு வைக்கச் சொன்னாரு.

ஒங்க வீட்டுலயும் படுத்தவங்க இருப்பாங்க, சின்னப் புள்ளைங்க இருக்கும். அம்மாகிட்ட சொல்லுங்க. அழுது சொன்னாலும் கேப்பா, அலுத்துப் போய்ச் சொன்னாலும் கேப்பா. இன்னைக்குக் கோயில்ல ஊத்துற கூழு குடிச்சிட்டு வீட்டுக்குப் போனதும், தீ வந்தா யாரு யாரத் தூக்குறது, எந்தப் பக்கமா போறதுன்னு பேசிக்கோங்க. பின் கதவு இல்லாதவங்க எங்கிட்ட வாங்க. ஆபீசுக்கு நானும் கூட வர்றேன்.