கிடுகு மூடிய தீவு

எந்த வீட்டுக்குப் போனாலும் உம்மு குல்சூம் சாச்சி வாசலைப் பார்த்த கதிரையில்தான் உட்காருவார். கல்யாண வீட்டில் பெண்கள் எல்லோரும் மணப்பெண்ணைச் சுற்றி இருக்க, இவர் மட்டும் ஒரு துண்டு வானம் தெரிகிற இடமாகத் தேடுவார். கதைத்துக்கொண்டே இருப்பார், கண் மட்டும் வெளியே போய்ப் போய் வரும். சின்ன வயதில் இதை நான் மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், உப்பளத்தில் வேலை செய்த பெண்கள் எல்லோரிடமும் அந்தப் பார்வை கொஞ்சம் இருந்தது. சாச்சியிடம் கூடுதலாக இருந்தது.

சாச்சி என் உம்மாவின் தங்கை. கணவர் மிஹ்லார் இளவயதிலேயே மௌத்தாகிவிட்டார். இரண்டு பெண்பிள்ளைகளையும் சாச்சி உப்பு வாரியே வளர்த்தார். பாத்தியில் விளைந்ததை வாரி வரம்பில் குவிக்க வேண்டும், காய்ந்த பிறகு சுமந்துபோய்ப் பெரிய குவியலில் கொட்ட வேண்டும். மழை இருட்டினால் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தென்னோலைக் கிடுகோடு ஓடிக் குவியலை மூட வேண்டும். ஒரு வருடம் காலம் தப்பிப் பெய்த மழையில் குவியல்கள் பாதியாய்க் கரைந்து போயின. முதலாளி பெண்களை வரிசையாக நிறுத்திவைத்து ஏசினார். அன்று சாச்சி வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. அதற்குப் பிறகு அவரை முந்திக் கிடுகு எடுத்தவர் யாருமில்லை.

முழங்கால் நோவால் உப்பளத்தை விட்ட பிறகு, போன வருடம் அவருக்கு ஒரு காவல் வேலை கிடைத்தது. கொடுத்தவள் டெனிஷா. சிலாபத்துப் பிள்ளை, கொழும்பில் சித்திரம் படித்தவள். கடலோடு சேர்ந்த களப்போரத்தில் சும்மா கிடந்த பழைய உப்புக் களஞ்சியமொன்றை அவள் கொஞ்ச நாளைக்கு எடுத்திருந்தாள். எங்கோ தூரத்துக் கடலில் எரிமலை கக்கி ஒரு தீவு எழும்பியதாம். புல் முளைத்து, பறவைகள் வந்து குடியேறி, ஆட்கள் அதைச் சரியாகப் பார்த்து முடிப்பதற்குள் அலை அதைக் கரைத்துவிட்டதாம். அந்தத் தீவைத்தான் அவள் முற்றத்தில் செய்தாள். இடுப்பளவு உயரத்துக்குப் பொடி உப்பு, அதன் மேல் சிரட்டைக் கரித்தூள். சுற்றிலும் கமரா, உப்புக்குள் சின்ன மைக். களஞ்சியத்தை இருட்டாக்கி, முற்றத்தில் நடப்பதெல்லாம் உள்ளே சுவர் முழுக்கப் படமாக விழும்படி செய்திருந்தாள். உப்புக்குள் கேட்பதெல்லாம் பெரிய ஸ்பீக்கரில் வரும். ஒக்டோபர் மழையில் தீவு கரைவதை ஆட்கள் உள்ளே நின்று பார்க்க வேண்டும். அதற்காக ஒரு வருடம் அலைந்தாள். மழை எதிர்பார்த்த சனிக்கிழமைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களை வரச் சொல்லியிருந்தாள். மறுநாள் களஞ்சியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சாச்சியிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஆடு, நாய் கிட்ட வர விடாதீங்க ராத்தா. தீவுக்கு ஒண்டும் ஆகாமப் பாத்துக்கொள்ளுங்க."

சாச்சி அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு வானம் கறுத்தது. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கப் போயிருந்த நான் தட்டோடு களஞ்சியத்துக் கதவருகில் நின்றேன். முதல் துளிகள் கரியில் விழுந்தபோது எண்ணெயில் பொரிவது போல ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. டெனிஷா கைகளைக் கோத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அப்போது சுவரில் ஒரு பெரிய பாதம் வந்தது. பிறகு சேலை, பிறகு ஒரு கட்டுக் கிடுகு.

"யா அல்லாஹ், உப்பு நனையிது. ஓடியாங்க புள்ளயள், ஓடியாங்க."

சாச்சியின் குரலில் களஞ்சியம் அதிர்ந்தது. கிடுகுகள் விழுந்த சத்தம் இடி மாதிரிக் கேட்டது. இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள். டெனிஷா வெளியே ஓடினாள், நானும் பின்னால் போனேன். நாங்கள் போவதற்குள் தீவு பத்திரமாக மூடப்பட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மழையும் விட்டது.

"பயப்படாதீங்க மகள், ஒரு புடி கூடப் போகல்ல" என்றார் சாச்சி.

"ராத்தா, அது கரையிறதுக்குத்தான் வச்சது. அதப் பாக்கத்தான் இவ்வளவு பேரும் வந்தது."

"உப்பக் கரையவா வச்சீங்க?" சாச்சி இரண்டு தரம் கேட்டார். பிறகு நனைந்த சேலையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏசுங்க மகள். நான்தான் கெடுத்துப் போட்டேன்."

"சொல்லாம விட்டது என்ட பிழை" என்றாள் டெனிஷா. ஆனால் அவளுடைய கண் கலங்கியிருந்தது. ஒரு வருட வேலை கிடுகுக்கு அடியில் கிடந்தது.

பஸ் ஓட்டி வந்த ஜௌபர் நம் ஊர் ஆள். "ராத்தா, அந்தத் தூரத்துத் தீவுக்கும் நீங்க காவல் இருந்திருந்தா அது இன்னும் நிண்டிரிக்கும்" என்றார்.

"உன்ட பஸ்ஸுக்கும் ரெண்டு கிடுகு போட்டிரிக்கணும். மேல ஒழுகுதாமே" என்றார் சாச்சி, தலை நிமிராமலே.

டெனிஷா சிரித்துவிட்டாள். அதைப் பார்த்துத்தான் சாச்சி எழுந்தார். ஒவ்வொரு கிடுகாகத் தானே எடுத்து ஓரமாக அடுக்கினார். இருட்டுமுன் சிலாபத்தைத் தாண்ட வேண்டும் என்று ஜௌபர் ஹோர்ன் அடித்துப் பார்த்தார். இன்னொரு மழை வருமென்று வந்தவர்கள் யாரும் பஸ்ஸில் ஏறவில்லை.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குக் கிட்ட உச்சமுனைப் பக்கமிருந்து மழை களப்பைக் கடந்து வந்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். சாச்சி வர மாட்டேன் என்று தாழ்வாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் அவரோடு நின்றேன். தீவின் உச்சி உடைந்தது. கறுத்த தண்ணீர் வழிய வழிய உள்ளே வெள்ளை தெரிந்தது. சாச்சியின் கால் இரண்டு தரம் முன்னே போனது, இரண்டு தரமும் தானாகவே நின்றது.

"போகுது புள்ள, பாரு." முகத்தில் தெறித்த மழையைத் துடைத்துக்கொண்டார். "போகட்டும்" என்றார்.

தீவு முழங்காலளவுக்கு இறங்கியபோது அவர் மெல்லச் சிரித்தார். "இவ்வளவு உப்புக் கரையிது, ஒரு மனிசன் ஏசல்ல." எப்போதும் தூக்கியபடியே இருக்கும் அவருடைய தோள்கள் கீழே இறங்கியிருந்தன. உள்ளே பெரிதாகக் கைதட்டல் கேட்டது.

அந்தப் படம் பிறகு கொழும்பிலும் காட்டப்பட்டது. கிடுகு மூடுகிற பகுதியையும் வைத்துக்கொள்ளலாமா என்று டெனிஷா கேட்டபோது, படத்தில் தன் முக்காடு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சாச்சி ஓம் என்றார்.

இப்போது அவர் தில்லையடியில் மூத்த மகள் அலீமாவின் வீட்டில் இருக்கிறார். முழங்கால் நோவு அப்படியேதான் இருக்கிறது. வருகிற ஒக்டோபருக்கு டெனிஷா மறுபடியும் காவலுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். சாச்சி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.