கதிரைக்கு வேறு பெயர்

பாலர் பாடசாலையில் சேர்வதற்கான சோதனைக்கு நானும் நாலு வயதுத் தங்கச்சியும் மட்டும்தான் போயிருந்தோம். ஐயா மீன்பிடிக்கப் போய்க் கடலில் நின்றார். அம்மா வரவில்லை, எங்கள் ஊரான சல்லியின் பேச்சு டவுனில் எடுபடாது என்று நான்தான் மறித்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். இந்த வயதுப் பிள்ளைக்கு ஏன் சோதனை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எப்படிப் பாஸ் பண்ணுவிப்பது என்றே யோசித்தேன். ஒரு கிழமையாக அவளுக்குப் புத்தகச் சொற்களைப் பழக்கினேன். "கதிரை எண்டு சொல்லக்கூடாது, நாற்காலி" என்று தலையில் குட்டவும் செய்தேன்.

டீச்சர் பக்கத்தில் கிடந்த கதிரையைத் தட்டினார். "இது என்ன, பிள்ளை? சொல்லுங்கோ பாப்பம்."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். புத்தகச் சொல் மறந்துபோயிருந்தது. வீட்டுச் சொல்லைச் சொல்லப் பயம். யன்னலைக் காட்டிக் கேட்டபோதும் வாயை இறுக்கிக்கொண்டே நின்றாள்.

"இது கதிரையெல்லோ!" என்று டீச்சரே சிரித்தார். பிறகு என்னிடம், "தம்பி, பிள்ளைக்கு இன்னும் கதை வரேல்லைப்போல, வாயே திறக்கிறாளில்லை. அடுத்த வருஷம் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

நான் பழக்கியதால் வந்த வினை என்று சொல்லியிருக்கலாம். "ஓம் டீச்சர்" என்றேன்.

வீட்டுக்கு வந்து டீச்சர் சொன்னதைச் சொன்னதும், கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "கதை வராதாமோ? வீட்டில இவளின்ர வாயை மூட ஏலாமக் கிடக்கு!"

அம்மாவிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. தங்கச்சியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளோடு ஒத்த பிள்ளைகள் பாலர் பாடசாலைக்குப் போக, அவள் கருவாட்டுக்கு வந்த காகங்களைக் கலைத்தாள். என் படிப்பால் அவளுக்குப் போனது ஒரு முழு வருடம்.