கைப்பிடி மாட்ட ஒரு போன்

போன வாரம் எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கைப்பிடி மாட்டினோம். இதெல்லாம் ஒரு சமாசாரமா, இதற்குப் பத்திரிகையில் ஒரு பக்கமா என்பீர்கள். ஒரு போன் பண்ணினால் ஆள் வந்து மாட்டிவிட்டுப் போகிற வேலைதான். அந்த ஒரு போனைப் பண்ண எனக்குக் கார்த்திகையிலிருந்து தை வரை ஆனது.

நம்பர் இருந்தது. மொபைலில் சார்ஜ் இருந்தது. புதுக் கைப்பிடிகூட முன்னாலேயே வாங்கி, பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் பீரோ மேல் இருந்தது. ஆனால் விரல் போகவில்லை.

இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரிக்க வந்தவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் ஒரே பெண் நித்யா தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்தாள். வளைகாப்பு முடிந்து, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்க, சேலையூரில் முதல் மாடியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு. மாப்பிள்ளைக்கு மறைமலை நகரில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போவார். நித்யாவுக்கு அவளுடைய பழைய அறையையே ஒழித்துக் கொடுத்தோம்.

அந்த அறை ஜன்னலின் கைப்பிடி பல வருஷமாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் வந்த வாரம்தான் அதற்கு ஆயுசு முடியவேண்டுமா? மூடலாம் என்று திருகினேன், பாதி ஒடிந்து என் கையோடு வந்துவிட்டது. வெளிப்பக்கம் திறக்கிற அலுமினிய ஜன்னல் அது. உள்ளே கம்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கதவு. கம்பிக்கு நடுவே கையை விட்டு இழுத்து, கைப்பிடியைத் திருகினால்தான் சாத்தி நிற்கும். கைப்பிடி போனால் காற்றடிக்கும்போதெல்லாம் தடால் தடால் என்று அடித்துக்கொள்ளும்.

கேம்ப் ரோட்டில் அலுமினிய ஜன்னல், கதவு வேலை செய்கிற தாஸைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார். பழைய ஸ்க்ரூ ஓட்டையெல்லாம் பிடிமானம் போய்விட்டது, புதிதாக டிரில் போட்டுத்தான் மாட்ட முடியும் என்றார். பையிலிருந்து மெஷினை எடுத்து வயரை ப்ளக்கில் செருகப் போனார். அப்போதுதான் என் மனைவி வசந்தா உள்ளேயிருந்து வந்தாள். அவள் பின்னாலேயே நித்யாவும், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு.

மேற்கொண்டு என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வாயும் வயிறுமாக ஒரு பெண் இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது. சுவரை இடிக்கக் கூடாது, ஓட்டை போடக் கூடாது. போட்டால் என்ன ஆகும்? பிள்ளைக்குக் காதிலோ மூக்கிலோ உதட்டிலோ குறை வரும் என்பார்கள். நெருக்கிக் கேட்டால் அதையும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். 'ஆகாது' — அவ்வளவுதான்.

வசந்தா இருபாலர் பள்ளிக்கூடம் ஒன்றில் பயாலஜி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். கரு எப்படி வளர்கிறது என்று போர்டில் கலர் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டியவள். அவள்தான் டிரில்லுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போய் நின்றாள்.

நான் தாஸைப் பார்த்தேன். சின்ன வேலை, ஒன்றும் ஆகாதும்மா என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தால், மனுஷன் அதற்குள் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"வேணாம் சார். நாங்க சர்ச்சுக்குப் போறவங்கதான், ஆனா எங்க வூட்லயும் இதான் பழக்கம். என் சம்சாரம் மாசமா இருந்தப்போ வூட்டுக்குள்ள ஒரு ஸ்க்ரூகூட திருகல நானு. பாப்பாவுக்கு நல்லபடியா ஆவட்டும். கொழந்த பொறந்ததும் ஒரு போன் போடுங்க. ஸ்வீட் வாங்கிக்கினு வந்து மாட்டிட்டுப் போறேன்."

கொண்டுவந்த புதுக் கைப்பிடியை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டார். குழந்தை பிறந்ததும் போன். இதுதான் ஒப்பந்தம்.

சரி, நான் என்ன செய்தேன்? இதே பக்கத்தில் ராகு காலத்தையும் எலுமிச்சம்பழத்தையும் எத்தனை தடவை வாரியிருக்கிறேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். வாயைத் திறந்தேனா? இல்லை. பகுத்தறிவெல்லாம் ஊரான் பிள்ளைக்கு. நம் பெண் என்று வரும்போது... எதற்கு வம்பு? இந்த 'எதற்கு வம்பு' இருக்கிறதே, நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கெல்லாம் அதுதான் குலதெய்வம்.

நித்யா சிரித்தாள். ஒரு ஸ்க்ரூவைப் பார்த்து இத்தனை பேர் நடுங்குகிறீர்களே என்று கேலி பண்ணினாள். அப்புறம் அவளே, அம்மாவுக்கு அதில் நிம்மதி என்றால் விட்டுவிடுப்பா என்றாள்.

வசந்தா ஒரு பழைய பாவாடை நாடாவை எடுத்து வந்து கொடுத்தாள். ஜன்னலில் மிச்சமிருந்த கைப்பிடிக் கட்டையில் அதைச் சுற்றி, கதவை இழுத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். நான்தான் கட்டினேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு குண்டூசி சத்தம்கூடக் கிடையாது. மாப்பிள்ளை வளைகாப்பு போட்டோவைப் பெரிதாக பிரேம் போட்டுக் கொண்டுவந்தார். மாட்டுவதற்கு ஆணி அடிக்க முடியாதே, சோபாவில் சாய்த்து வைத்தோம். விருந்தாளி வந்தால் போட்டோவைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார வைப்போம். எங்களுக்கு மேல் மாடி வீட்டுக்காரர் ஏசி மாட்டுவதற்கு டிரில் போட ஆரம்பித்தார். சத்தம் கேட்ட நிமிஷம் வசந்தா நித்யாவைக் கைத்தாங்கலாக இறக்கி, ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சத்தம் நின்றதா என்று எனக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டுதான் திரும்பி வந்தார்கள்.

இத்தனை ஜாக்கிரதை எங்களுக்கு.

கார்த்திகையில் புயல் வந்தது. நம் பக்கத்தில் மழை என்றால் முதல் கேள்வி என்ன? முடிச்சூரில் தண்ணீர் ஏறிவிட்டதா, அனகாபுத்தூரில் ஆறு எப்படி இருக்கிறது. எங்கள் தெரு மேடு, வீடு மாடி. தண்ணீர் வராது என்கிற தைரியம். பால் பாக்கெட், மெழுகுவர்த்தி, மாத்திரை எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போக டாக்ஸிக்காரரிடம் சொல்லி வைத்தாயிற்று. பேபி டவல்கூடத் துவைத்து மடித்து வைத்தாயிற்று. ஒருத்தர்கூட அந்த நாடாவை நினைக்கவில்லை.

மத்தியானம். நான் கீழே ஸ்கூட்டரைத் தள்ளி மேட்டில் நிறுத்திக்கொண்டிருந்தேன். வசந்தா சமையலறையில். நித்யா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள். மழையில் ஊறி ஊறி நாடா நெகிழ்ந்துவிட்டது. ஜன்னல் திறந்துகொண்டு அடித்திருக்கிறது, சாரல் கட்டில் வரைக்கும் வந்திருக்கிறது. அம்மா பாவம், காலையிலிருந்து நிற்கிறாள் என்று இவள் யாரையும் கூப்பிடவில்லை. தானே எழுந்து போயிருக்கிறாள். கம்பிக்கு நடுவே கையை விட்டுக் கதவை எட்டிப் பிடிக்கப் பார்த்திருக்கிறாள். கீழே டைல்ஸ். டைல்ஸ் முழுக்கத் தண்ணீர்.

தொம்மென்று ஒரு சத்தம் எனக்குக் கீழே கேட்டது. ஜன்னல்தான் அடித்துக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் ஸ்கூட்டருக்குக் கவர் போட்டேன்.

குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர். ஜிஎஸ்டி ரோட்டில் வண்டிகள் ஊர்ந்தன. எப்படியோ போய்ச் சேர்ந்தோம். உடனே ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர் அம்மா வெளியே வந்து, விழுந்த வேகத்தில் நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்றார். தாயைக் காப்பாற்றிவிட்டோம் என்றார். அடுத்த வாக்கியத்தை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

பெண் குழந்தை. துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். காது, மூக்கு, உதடு... எல்லாம் செதுக்கி வைத்த மாதிரி இருந்தன. என்னென்ன குறை வந்துவிடும் என்று பயந்தோமோ அதில் ஒன்றுகூட இல்லை. உயிர்தான் இல்லை.

மழை விட்டதும் மாப்பிள்ளையும் நானும் போய் அடக்கம் பண்ணிவிட்டு வந்தோம். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தார்கள். வசந்தாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் பள்ளிக்கரணையில் இருக்கிறார். நல்ல மனுஷி, நேரே வந்து வசந்தாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏன் வசந்தா, வீட்ல ஆணி கீணி ஏதாவது அடிச்சீங்களா?"

"ஒரு குண்டூசிகூடக் குத்தலையேக்கா" என்றாள் வசந்தா.

அவள் அதைச் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லாப் பாடமும் ஒழுங்காகப் படித்த பிள்ளையை பெயிலாக்கினால் அது எப்படிக் கேட்கும், அப்படி.

அக்கா விடவில்லை. "மேல் வீட்ல?"

வசந்தாவுக்கு ஏசி ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கி சீலிங்கைப் பார்த்தார்கள். அன்றையிலிருந்து படிக்கட்டில் மாடி வீட்டுக்காரர் வந்தால் வசந்தா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவருக்கு ஒன்றும் புரியாமல் என்னைப் பார்ப்பார். நான் தரையைப் பார்ப்பேன்.

ஏன் நான் அவளைத் திருத்தவில்லை? காரணம் சீலிங்கில் இல்லை, ஜன்னலில் இருக்கிறது என்று சொன்னால், நாடாவை எடுத்துக் கொடுத்தது யார் என்று வரும். அதை அவள் தாங்க மாட்டாள். கட்டியது யார் என்பது அடுத்த கேள்வி. அதை நான் தாங்க மாட்டேன். மாடி வீட்டுக்காரர் பாவம், எங்கள் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துத் தாங்கிக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டை விடுங்கள். உங்கள் வீட்டில் நாடா எங்கே இருக்கிறது? ஷாக் அடிக்கிற சுவிட்ச் — பெண் கல்யாணம் முடியட்டும். ஆடுகிற மாடிப்படிக் கம்பி — பெரியவருக்கு வருஷ திதி ஆகட்டும். நல்லது நடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்... கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் பயந்துகொண்டு, கண்ணெதிரே இருக்கிற ஆபத்தை நாடாவால் கட்டி வைக்கிறோம். முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. பாசத்தில்தான் செய்கிறோம். அதுதான் வயிற்றெரிச்சல்.

சரி, போனுக்கு வருகிறேன். ஏன் பண்ண முடியவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். தாஸுக்கு விஷயம் தெரியாது. நான் போன் பண்ணினாலே குழந்தை பிறந்துவிட்டது என்று அர்த்தம். அப்படித்தானே பேச்சு? எடுத்ததும் அவர் கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். வேறு ஆளை வைத்து மாட்டலாம்தான். ஆனால் தாஸ் எப்படியும் ஒரு நாள் கேட்பாரே? கேம்ப் ரோட்டில் நடப்பதையே விட்டேன். காய்கறி வாங்கக்கூடச் சுற்றுவழி. அந்த ஜன்னலைப் புது நாடா போட்டு, வசந்தா பார்க்காத நேரத்தில் கட்டி வைத்திருந்தேன்.

போன வாரம் ஒரு நாள் காலை போனை எடுத்து, தாஸ் பெயர் வரைக்கும் போய்விட்டுக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன், வைத்தேன். நித்யா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆபரேஷன் ஆன உடம்பு, மெதுவாக நடந்து வந்தாள். என் கையிலிருந்து போனை வாங்கி, அவளே அழுத்தினாள்.

தாஸுக்கு எப்போதும் ஊருக்கே கேட்கிற குரல். பக்கத்தில் நின்ற எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"சார், எத்தினி நாளா உங்க போனுக்கு வெய்ட் பண்ணிக்கினு கீறேன். இன்னா கொழந்த சார்?"

"நான் நித்யா பேசறேன் அண்ணா" என்றாள். "பொண்ணு. தங்கலை."

அந்தப் பக்கம் கடையில் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. நித்யாதான் பேசினாள். ஜன்னல் அப்படியே இருக்கிறது, வந்து மாட்டிக் கொடுத்துவிடுங்கள் என்றாள்.

மறுநாள் காலையிலேயே தாஸ் வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. வசந்தா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். தாஸ் நாடாவை அவிழ்த்தார். பழைய கட்டையைக் கழற்றினார். புதுக் கைப்பிடியை வைத்துப் பென்சிலால் குறித்துக்கொண்டார். வயரை ப்ளக்கில் செருகினார். டிரில்லைக் குறி வைத்துப் பிடித்தார்.

பிடித்தவர் அப்படியே நின்றார். பட்டனில் விரல் இருக்கிறது, அழுத்தவில்லை. எத்தனை வருஷப் பழக்கமோ, தலை தானாகத் திரும்பி வாசற்படியில் நின்ற நித்யாவைப் பார்த்தது.

"போடுங்கண்ணா" என்றாள் நித்யா. "இப்ப யாரும் இல்ல."

டிரில் ஓடியது. ஒரு தும்மல் நேரம்கூட ஆகவில்லை.