பந்தல் வரைக்கும் வைஃபை

வெற்றிலையும் பாக்கும் அடுக்கிய பித்தளை வட்டாவில் அன்றைக்குச் சிறிய காகிதத் துண்டுகளும் இருந்தன. ஒவ்வொரு துண்டிலும் எங்கள் வீட்டு வைஃபையின் கடவுச்சொல். பந்தல் வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் மாமி அந்த வட்டாவை நீட்டிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை சூடேறுகிறது. சந்தனம் தொட்டுக்கொள்வதுபோல ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கதிரைகளில் அமர்ந்தார்கள்.

மாமி என்பது என் மனைவியின் அம்மா. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் கலியாணம் முடித்த கையோடு களுவாஞ்சிக்குடிக்கு வந்து சேர்ந்தவன். வீட்டைச் சீதனமாக மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மாமி பின்வளவில் ஒரு சிறிய வீட்டுக்குக் குடிபோனார். பாயும் தலையணையும் போயின, அதிகாரம் போகவில்லை. ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத்தான் சுத்தியலை எடுப்பேன்.

அவருக்கு ஒரே மகன், லண்டனில். அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்ததால் அவனால் ஊருக்கு வர முடியாது. மாமி போவதற்கு விசா கேட்டோம், மறுத்துவிட்டார்கள். அந்த நிலையில்தான் அவனுக்கு அங்கேயே கலியாணம் பொருந்தியது. நேரலையில் காட்டுகிறோம் என்று அவன் சொன்னதும் மாமி என்னைக் கூப்பிட்டார். "மருமகன், எனக்கு நகை வேணாம், சீல வேணாம். என்ட புள்ள தாலி கட்டுறத நான் கண்ணால பாக்கணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க." எங்கள் வீட்டில் கைபேசிச் சிக்னல் வாவிக் காற்று மாதிரி, அது நினைத்தால் வரும். அதனால் ஃபைபர் இணைப்பு எடுப்பதென்று முடிவானது.

முடிவெடுப்பது சுலபம். விண்ணப்பித்துவிட்டு, தூணில் இடமில்லை, கம்பி வரவில்லை என்று ஒவ்வொரு கதையாகக் கேட்டுக் கேட்டு என் காது புளித்தது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் ஏணியோடு ஆட்கள் வந்து இறங்கினார்கள். எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. துளைக்கருவியைச் சுவரில் வைக்கிற நேரத்தில் மாமி பின்வளவிலிருந்து ஓடி வந்தார். "தம்பிமாரே, இப்ப இராகு காலம். கலியாணக் காரியத்துக்கு இந்த நேரத்தில சுவரில ஓட்ட போடப்படாது. தேத்தண்ணி குடிச்சிட்டு இருங்க, முடியட்டும்." அவர்கள் தேநீர் குடித்தார்கள், பலகாரமும் சாப்பிட்டார்கள். பிறகு, பக்கத்துத் தெருவில் ஒரு வேலை இருக்கிறது, அதை முடித்துக்கொண்டு வருகிறோம் என்று போனார்கள். போனவர்களைத் திரும்பப் பிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. நான் மனைவியிடம் சத்தம் போட்டேன். "அம்மாட குணம் தெரியும்தானே, காலத்தோட வரச்சொல்லியிருக்கலாமே நீங்க," என்று அவள் என் தலையிலேயே கட்டினாள்.

ஒரு வழியாக வீட்டின் நடு மண்டபத்துச் சுவரில் கருவியைப் பூட்டினார்கள். மண்டபத்தில் படம் தண்ணீராக ஓடியது. தொலைக்காட்சிக்கு முன்னால் நாலு கதிரையைப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். மாமிக்கு அது பிடிக்கவில்லை. "கலியாணத்த ஊட்டுக்குள்ள ஒளிச்சிருந்தா பாக்கிற? முத்தத்தில பந்தல் போடுங்க. ஊருக்குச் சொல்லணும், சாப்பாடு குடுக்கணும்." வைஃபை அவ்வளவு தூரம் வராது மாமி, சுவர் தடிப்பு என்று விளக்கிப் பார்த்தேன். "அப்ப வர வைங்க," என்றார், மாட்டைக் கொண்டுவந்து கட்டச் சொல்வதுபோல.

காத்தான்குடியில் ஒரு கடைக்குப் போனேன். "இதக் கொண்டு போங்க தம்பி, மதிலுக்கு அங்காலயும் பாயும்," என்று கடைக்காரர் ஒரு வெள்ளைப் பெட்டியைத் தந்தார். அதை விறாந்தையில் பூட்டினேன், பாயவில்லை. யன்னலில் வைத்தேன், பந்தலின் பாதிவரை வந்தது. கடைசியில் முற்றத்து மாமரக் கொப்பில், மழை படாமல் பொலித்தீன் சுற்றிக் கட்டினேன். கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் பந்தலில் தொலைக்காட்சியை வைத்துப் போட்டுப் பார்த்தோம். ஒரு தடங்கலும் இல்லை. அன்றைக்கு நான் வடிவாகச் சாப்பிட்டேன்.

அந்த நிம்மதியைத்தான் மறுநாள் மாமி வட்டாவில் வைத்து ஊருக்குப் பங்கிட்டார். ஓடிப்போய்த் தடுத்தேன். "மாமி, எல்லாரும் போனில ஏறினா படம் நிண்டுரும்!" அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ பிச்சைக்காரனாகிவிட்டேன். "கலியாண ஊட்டுக்கு வந்தவங்களுக்கு இல்லெண்டு சொல்லுறதா மருமகன்?"

லண்டனில் காலை முகூர்த்தம், எங்களுக்குப் பின்னேரம். பந்தல் நிறைந்து வழிந்தது. பாதிப் பேர் தொலைக்காட்சியைப் பார்க்க, மீதிப் பேர் அதே கலியாணத்தைத் தங்கள் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். மச்சான் இரண்டு கையாலும் அதை வாங்கினான். கெட்டிமேளம் ஒரு தட்டுத் தட்டியது, அத்தோடு படம் நின்றது. அரைக்கண் மூடியபடி, தாலியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அப்படியே நிற்கிறான். அவன் முகத்தின் நடுவில் ஒரு வளையம் சுற்றுகிறது. நான் மாமரத்துக்கு ஓடினேன், மண்டபத்துக்கு ஓடினேன், "போன நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். திரும்பி வந்தபோது மாமி எழுந்து நின்று, அசையாத அந்தப் படத்தின் மீது அட்சதையாக அறுகரிசி போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து ஊரும் போட்டது. படம் உயிர் பெற்றபோது மணமக்கள் அக்கினியைச் சுற்றி முடித்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மச்சான் அழைத்தான். "அம்மா, தாலி கட்டினதப் பாத்தீங்களா?"

"ஓம் மனே. வடிவாப் பாத்தன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பதிவு இருக்கிறது, போட்டுக் காட்டுகிறேன் என்று மறுநாளே சொன்னேன். "வேணாம். பாத்தனெண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டன். இனி ஒளிச்சிருந்து பாத்தா அது பொய்யாப் போயிரும்," என்றார். என்ன நியாயமோ! அதற்குப் பிறகு ஊரில் எந்தக் கலியாணமானாலும், தாலி கட்டும் நேரத்தில் முன்னால் போய் நிற்பார். படம் நின்ற கதை ஊருக்கே தெரியும். ஒன்றையும் வயிற்றில் வைத்திருக்கத் தெரியாத ஊர், இந்த ஒன்றை மட்டும் மச்சானுக்குச் சொல்லவில்லை.

போன வருடம் அவனுக்குப் பத்திரங்கள் சரிவந்து, மனைவியோடு வந்து இறங்கினான். இப்போது மண்டபத்துத் தொலைக்காட்சிக்கு நேரே கம்பி இழுத்திருக்கிறேன், படம் இமைக்காமல் ஓடும். ஒருநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கலியாண வீடியோவைப் போட்டான். மாமி மருமகளின் கையைப் பிடித்தபடி கதிரை நுனியில் இருந்தார். ஐயர் தாலியைத் தொடுகிற நேரம் பார்த்து மச்சான் ரிமோட்டை எடுத்தான். "இதத்தான் அண்டைக்கே பாத்தீங்களேம்மா. இதத் தள்ளிட்டு, பிறகு எடுத்ததக் காட்டுறன்."

மாமி திரும்பினார். என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் எதையும் கட்டளையிட்டிருக்கிறாரே தவிர, கேட்டதில்லை.

"நான் பாக்கல்ல மச்சான்," என்றேன். "அண்டைக்கு மாமரத்தடியில வைஃபையோட மல்லுக்கட்டிட்டு நிண்டன். விடுங்க, ஓடட்டும்."

ஓடியது. கெட்டிமேளம் முழுதாகக் கேட்டது. அவன் குனிந்து முடிச்சுப் போட்டான். மாமியின் கண் திரையை விட்டு அசையவில்லை. எல்லாம் முடிந்த பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார்.

"மருமகன் பாவம் மனே, அண்டைக்குப் பாக்கல்ல. அவருக்காக இன்னொருக்காப் போடு."