வளைவு குறைந்த ரோடு

என் அம்மாவை நோயாளி ஆக்கியது எங்கள் மலை ரோடுதான் என்பதில் ஒன்பது வயதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. சாட்சி என் கண் முன்னாலேயே இருந்தது. அம்மா காலையில் குளித்து, நல்ல சேலை கட்டி, தானே நடந்துபோய் நாமக்கல் பஸ் ஏறுவாள். சாயங்காலம் அப்பா அவளைத் தாங்கிப் பிடித்து இறக்குவார். வீட்டு வாசலை மிதிப்பதற்குள் வாந்தி. அதன்பிறகு சில நாளைக்குப் படுத்த படுக்கை. போகும்போது நன்றாக இருந்தவள் வரும்போது இப்படி ஆகிறாள் என்றால் நடுவில் என்ன இருக்கிறது? ரோடுதான் இருக்கிறது.

எங்கள் ரோட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லிமலையில் இருந்து சேந்தமங்கலம் இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவுகள். கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் வளைவுக்கு வளைவு இறங்கி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மலையிலேயே பிறந்தவர்களுக்கு எல்லாம் பழகியிருக்கும் என்றும் நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் ஒற்றை மூங்கிலை வைத்துச் சரசரவென்று ஏறுகிற ஆள்கூட, பஸ் அடிவாரம் சேர்வதற்குள் வாடிய கீரைத்தண்டாகக் கிடப்பான். கீழே போகிறவர்கள் வயிற்றை மலையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். காலையில் யாரும் எதுவும் சாப்பிட மாட்டார்கள். கண்டக்டர் டிக்கெட்டோடு சேர்த்து ஒரு கவரையும் நீட்டுவார்.

போதாக்குறைக்கு அம்மாவே அதைச் சொன்னாள். ஏன் இப்படி வாந்தி எடுக்கிறாய் என்று நான் கேட்டதற்கு, "பஸ்ஸு ஒத்துக்கல கண்ணு. அந்த வளைவுதான் கொடலப் பொரட்டுது" என்றாள். தலைமுடி கொட்ட ஆரம்பித்தபோது, "சன்னலோரம் உக்காந்தனா, காத்துல போயிருச்சு" என்றாள். அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய். அந்தச் சொல்லை வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. கட்டி என்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்பார்கள், அவ்வளவுதான். எதற்கு என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் ரோட்டினால் வருகிற நோய்க்கு மருந்து வாங்க அதே ரோட்டில் போகிறார்கள் என்று எனக்கே தெரிந்திருந்தது. பெரியவர்களின் புத்தி அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் வாந்தி எடுக்கும் சத்தத்தை என்னால் விட முடியவில்லை. வெறும் வயிற்றிலிருந்து ஒன்றும் வராமல் வருகிற சத்தம் அது. போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டு கிடப்பேன். பயமாக இருக்கும். அம்மா வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுப்பேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு சின்ன வேன் வைத்திருந்தார். மலையிலிருந்து வாழைத்தாரும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு ராசிபுரம் போவார். அவர் போகிறது மறுபக்க ரோடு. முள்ளுக்குறிச்சியில் போய் இறங்கும். ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"மாமா, உங்க வண்டில ஆராச்சும் வாந்தி எடுப்பாங்களா?"

"என் வண்டில வாழத்தாருதான் மருமவளே வருது. இன்னைய வரைக்கும் ஒரு தாரும் வாந்தி எடுத்ததில்ல" என்றார்.

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் வளைவு குறைச்சல்தான் என்று சேர்த்துச் சொன்னார். எனக்கு அது போதும். அன்றைக்கே அப்பாவிடம் போய் இனிமேல் முள்ளுக்குறிச்சி வழியாக ஆஸ்பத்திரி போங்கள் என்றேன். அப்பா மரவள்ளிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "நாமக்கல்லு போவறதுக்கு ராசிபுரம் சுத்துவாங்களா? தலையச் சுத்தி மூக்கத் தொட்ட கதைதான்" என்றார்.

நான் பிடித்த முயலுக்கு மூன்று கால். இன்றும் அப்படித்தான், என் வீட்டுக்காரரைக் கேட்டால் விவரமாகச் சொல்வார். அடுத்த ஆஸ்பத்திரி நாளில் பள்ளிக்கூடம் போகாமல் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். அம்மா படியில் கால் வைத்ததும் பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அப்பா இழுத்தார், விடவில்லை. கண்டக்டர் நயமாகச் சொல்லிப் பார்த்தார், விடவில்லை. "இந்த பஸ்ஸு எங்கம்மாவக் கொன்னுரும், போவ வேண்டாம்" என்று கத்தினேன்.

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்தார். எங்கள் ஊர்க்காரர்கள்தான் எல்லாரும், எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான். அம்மா சாவாள் என்பதை முதலில் வாய்விட்டுச் சொன்னவளும் நான்தான்.

அம்மா படியிலிருந்து இறங்கி என் கையைப் பிரித்தாள். அழவில்லை, திட்டவில்லை. அப்பாவைப் பார்த்து, "ஏனுங்க, அடுத்த தடவ இவ சொல்ற வழியிலயே போலாமுங்க. தம்பி வண்டிதான் இருக்குதில்ல" என்றாள். அப்பா தலையாட்டினார். பிறகு என்னிடம், "இன்னிக்கு மட்டும் இதுல போய்ட்டு வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். அன்று சாயங்காலம் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தாள். என் பக்கம் நியாயம் இருப்பதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அடுத்த தடவை மாமா வாழைத்தார் ஏற்றவில்லை. நாங்கள் நான்கு பேரும் வேனில் புறப்பட்டோம். முள்ளுக்குறிச்சி இறங்கி, ராசிபுரம் சுற்றி, நாமக்கல் போய்ச் சேர்ந்தோம். அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குள் போக, நானும் மாமாவும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பன் தின்றோம். வழக்கமாக மருந்து ஏறி முடிய மத்தியானம் தாண்டிவிடும் என்று மாமா சொல்லியிருந்தார். நாங்கள் அடுத்த பன்னைப் பிரிப்பதற்குள் இருவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

"அதுக்குள்ளயா?" என்றார் மாமா. அப்பா வேன் கதவைத் திறந்தார். நல்ல ரோட்டில் வந்தால் டாக்டருக்கும் வேலை சுலபம் போலிருக்கிறது என்று நான் கணக்குப் போட்டேன்.

"பசிக்குதுடா தம்பி. நல்ல ஓட்டலாப் பாத்து நிறுத்து" என்றாள் அம்மா. அம்மா பசிக்கிறது என்று சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ராசிபுரத்தில் ஒரு ஓட்டலில் தோசை சாப்பிட்டாள். என் தட்டிலிருந்தும் பிய்த்துக்கொண்டாள். அப்பா டீ மட்டும் குடித்தார். திரும்பும்போது முன்னால் இடம் இருந்தும் பின்னால் ஏறி, காலிச் சாக்குகள் மேல் உட்கார்ந்துகொண்டார். காற்றோட்டத்துக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

மலை ஏறும்போது அம்மா மடியில் உட்கார்ந்து வளைவுகளை எண்ணினேன். அவளும் கூடவே எண்ணினாள். இடையில் நான் ஒன்றை விட்டுவிட்டபோது தலையில் குட்டித் திருத்தினாள். ஒவ்வொரு வளைவு தாண்டியதும் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். மேலே வந்து சேர்ந்து, வண்டி நின்று, இன்ஜின் சத்தமும் அடங்கிய பிறகுதான் கேட்டேன்.

"வாந்தி வருதாம்மா?"

"வரல கண்ணு. நீ சொன்னதுதான் நெசம்" என்றாள்.

அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் நல்ல சேதிகள் வராமல் இல்லை. பரீட்சையில் பாஸ் ஆனேன், வேலை கிடைத்தது, பிள்ளை பிறந்தது. அந்த அளவுக்குச் சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால் இல்லை.

அன்று டாக்டர் மருந்து ஏற்றவே இல்லை. இனி ஏற்றிப் பயனில்லை, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வாந்தி வந்ததெல்லாம் மருந்தினால். மருந்து நின்றது, வாந்தி நின்றது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இதை அப்பா என்னிடம் சொன்னபோது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்த வாரங்களில் அம்மா ஒருநாளும் வாந்தி எடுக்கவில்லை. தலையில் கோழிக்குஞ்சின் தூவி மாதிரி முடி முளைத்தது. தடவிப் பார்க்க விடுவாள். வெயிலில் உட்கார்ந்து எனக்குப் பலாச்சுளை உரித்துக் கொடுத்தாள். மறுபடி எப்போது வேனில் போவோம் என்று கேட்டேன். "இனி போவ வேண்டியதில்ல சாமி, அதுதான் செரியாயிருச்சே" என்றாள். அவளுக்கு என்னோடு இருக்கக் கொஞ்சம் நல்ல நாட்கள் கிடைத்தன. அதை எனக்கு ஒரு வெற்றியாகவே கொடுத்துவிட்டுப் போனாள். மழைக்காலம் முடிவதற்குள் இறந்துபோனாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் தேற மாட்டார் என்று தெரிந்தால், வாயில் பேச்சு இருக்கும்போதே உறவெல்லாம் வந்து பார்த்துவிட வேண்டும். வெறுங்கையோடு வரவும் கூடாது. அம்மா இருந்த அந்தக் கடைசி வாரங்களில், எங்கள் மலையிலேயே உள்ள தேவனூர் நாட்டிலிருந்து ஒவ்வொரு ஊராக வந்தார்கள். மலைவாழை, சாமை அரிசி, காலைக் கட்டிய கோழி என்று வீடு நிறைந்தது. எனக்கு இந்த வழக்கம் தெரியாது. அம்மாவுக்குச் சரியாகிவிட்ட சேதி பரவி, எந்த வழியில் போனோம் என்று விசாரிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். ஆகவே வாசலிலேயே நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் வழியைச் சொன்னேன். எங்கே திரும்ப வேண்டும், எந்த இடத்தில் வளைவு இறுக்கம், ராசிபுரத்தில் எந்த ஓட்டல். எல்லாரும் முழுக்கக் கேட்டார்கள். குறுக்கே ஒருவரும் பேசவில்லை. நான் எதையாவது விட்டுவிட்டால் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும். "முள்ளுக்குறிச்சில டீ குடிச்சத வுட்டுட்டியே கண்ணு."

கடைசியாக வந்தது அப்பாவின் அக்கா, என் அத்தை. ஒரு பலா மரம் யாருக்கு என்ற தகராறில் எங்கள் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவள். வாசலிலேயே உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரைக்கும் கேட்டாள். முடித்ததும், "இன்னொரு தடவ சொல்லு சாமி" என்றாள். அத்தைக்கு வயதாகிவிட்டது, சொன்னது புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இந்த முறை மெதுவாகச் சொன்னேன்.